தோட்ட வேலியோடு நின்ற சுதந்திரம்

இரத்தம் சிந்தாமல், மனுக் கொடுத்தும் மகாநாடு கூட்டியும் சுதந்திரம் பெற்ற நாடு இலங்கை என்று நம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். அந்தச் சீர்திருத்தவாதிகள் யாருடைய சுதந்திரத்தைக் கேட்டார்கள் என்ற கேள்வியை மாத்திரம் வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். மடுல்கெல்லயில் இருந்துகொண்டு அப்படிச் செய்வது நமக்குத் தகாது.

இங்குள்ள ரெலுகஸ் தோட்டத்திற்கு 1936இல் துரைத்தனம் பழக வந்தவர் பிரேஸ்கேர்டில் என்ற ஆங்கில இளைஞர். தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு பொறாமல், வேலையையும் இழந்து, சமசமாஜக் கட்சியின் பக்கம் சேர்ந்து, மேடையேறித் துரைமாரைக் கண்டித்தார். 1937 ஏப்ரல் 22ஆம் திகதி தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். நாடு கொதித்தது. அரசாங்க சபை தேசாதிபதியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மே 18இல் உயர் நீதிமன்றம் இளைஞரை விடுவித்தது. பேச்சுரிமை வென்றது. மிதவாத அரசியலின் உச்சம் அதுவே. அப்பெருமையை நாம் மறுக்கவில்லை.

ஆனால், அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களின் கதி என்ன?

1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரஸ், டொனமூர் குழுவின் முன் சென்று, மாதம் ஐம்பது ரூபாயாவது சம்பாதிப்பவருக்கே வாக்குரிமை வேண்டும் என்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தார். அதைக் கேட்டது குணசிங்காவின் தொழிற்சங்கம். 1931இல் அவ்வுரிமை வந்தபோதும், தோட்டத் தொழிலாளிக்கு மாத்திரம் நிரந்தரக் குடியிருப்பு என்ற முள்வேலி போடப்பட்டது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. ஆளும் வர்க்கம் அஞ்சியது. முடியின் கீழ் சுதந்திரம் பெற்ற அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மறுஆண்டு வாக்கும் பறிபோனது. பிரேஸ்கேர்டிலுக்காகக் கூடிய காலிமுகத் திடல் கூட்டத்தில் பேசிய பண்டாரநாயக்கா, 1948இன் அமைச்சரவையிலும் வீற்றிருந்தார். 1937இல் மன்னரின் நீதிமன்றம் ஒருவரைக் காத்தது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் இலட்சக்கணக்கானோரைக் கைவிட்டது.

இடதுசாரிகள் 1948இல் எதிர்த்து வாக்களித்தார்கள். எனினும் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, சமசமாஜக் கட்சி அந்த அரசாங்கத்திலேயே இருந்தது. இதையும் நாம் மறைக்கலாகாது.

1972இல் முடி போயிற்று, வேலி போகவில்லை. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு துரையின் உரிமைக்குத் தீர்ப்பு வர ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எந்தச் சீர்திருத்தத்தையும் அளக்கும் கோல் லயத்தின் கடைசி அறையில் இருக்கிறது. அந்த அறைக்கு எட்டாத உரிமை சலுகையே ஆகும். ஆசிரியர்களே, மாணவர்களே, 1948 என்ற ஆண்டைச் சொல்லும்போது பெப்ரவரி 4ஐ மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அதே ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள், சேர்த்துக் கேளுங்கள்.