பரண் - 14: அப்பாயியின் கத்தியில் ஆறு புள்ளிகள்

போன வாரம் பழைய வால்வு ரேடியோ பற்றி எழுதியதும், "ஊர்ல உள்ளவங்க பரணையே எட்டிப் பார்க்கிறீங்களே, உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகி. நியாயமான கேள்வி. ஆனால், தேயிலைத் தோட்ட லயன் வீட்டில் பரணுக்கு ஏது இடம்? எங்கள் வீட்டில் பழசு என்று இருப்பது ஒரே ஒரு மடக்குக் கத்தி. அதுவும் அப்பாயியின் சுருக்குப் பையில், வெற்றிலை பாக்கோடு.

எங்கள் குடும்பத்தில் அதற்கு இரண்டு பெயர்கள். ஒன்று, மான்கொம்புக் கத்தி. இன்னொன்று, சிலோன் கத்தி. 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு தலைதான் என் தாத்தா. 1971-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு பந்தலூர் பக்கம் டேன்டீ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் அது. தாத்தா கண்டியிலிருந்து கொண்டுவந்த பொருட்களில் மிச்சம் இருப்பது இந்தக் கத்தி மட்டும்தான் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

இப்போது சித்தப்பாவுக்குக் கூரை மாற்றப் பணம் வேண்டும். போனில் எதையோ தேடும்போது, பழைய அமெரிக்கக் கத்திகள் நல்ல விலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறார். நம் கத்தியிலும் 'யு.எஸ்.ஏ.' என்று இருக்கிறதே! வித்துடலாம் என்றார். அத்தை முறைத்தார். "அப்பா கப்பல்ல மடியில கட்டிக்கிட்டு வந்த கத்தி. நானே பார்த்தேன். எனக்கு அப்போ ஏழு வயசு." வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. "நீதானே பத்திரிகையில இருக்கே, விசாரிச்சு சொல்லு" என்று கத்தி என்னிடம் வந்தது.

குன்னூரில் ஒருவர் மடக்குக் கத்திகள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். எஸ்டேட் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார். "கத்தி வெச்சிருக்கேன்னு பேப்பர்ல போட்டா பக்கத்து வீட்டுக்காரன் என்னம்மா நினைப்பான்?"

மேசையில் ஒரு பழைய கம்பளியை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெரும்பாலும் அமெரிக்கக் கத்திகள். ஆயுதம் பார்க்கும் உணர்வே வரவில்லை. யாரோ விளையாட்டுச் சாமான்களைக் காட்டுவதுபோல இருந்தது. தடித்த, அகலமான ஒரு கத்தியின் வடிவத்துக்குப் பெயர் 'எலிஃபன்ட் டோநெய்ல்', அதாவது யானைக்கால் நகம். பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்றின் பெயர் கனூ. இரண்டு முனையும் தூக்கிய படகு. பெண்ணின் கால் வடிவத்தில், ஹீல்ஸ் செருப்போடு செய்த கத்திகள்கூட உண்டாம். அதை மட்டும் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, "அது பரவால்ல விடும்மா" என்று நகர்ந்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது, படக் கத்தி. கண்ணாடி மாதிரி தெரியும் செல்லுலாய்டு கைப்பிடிக்கு உள்ளே புகைப்படம் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரம் அதற்குப் பேர்போனது. நூறு வருஷத்துக்கு முன்னால், நாம் போன் வால்பேப்பர் வைப்பதுபோல, அங்கே ஆட்கள் கத்திக்குள் மனைவி படத்தை வைத்திருக்கிறார்கள்! ஆனால், இந்தச் செல்லுலாய்டு வயதானால் மெல்ல மக்கி, அமில வாடையை விடும். பக்கத்தில் இருக்கிற கத்திகளின் அலகு துருப்பிடித்துவிடும். அதனால் சேகரிப்பவர்கள் அதைத் தனியாகத்தான் வைப்பார்கள். இவரும் தனி டப்பாவில் வைத்திருக்கிறார்.

அலகைத் திறக்க நகத்தை வைக்கும் பள்ளத்தில்கூட விசேஷம். சில கத்திகளில் அந்தப் பள்ளத்துக்குள் அரம்போலச் சொரசொரப்பாக இருக்கும். தீக்குச்சி உரசிப் பற்றவைப்பதற்காம். ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி முதல் உலகப் போர் முடிந்த பிறகு கத்தி செய்ய ஆரம்பித்தபோது, சில மாடல்களின் கைப்பிடியில் குட்டித் தோட்டா ஒன்றைப் பதித்தது. 'புல்லட் நைஃப்' என்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான். மார்க் ட்வைனின் டாம் சாயர் நாவலில், பைபிள் வசனம் மனப்பாடம் செய்ய முயன்ற டாமுக்குக் கிடைப்பதும் ஒரு மடக்குக் கத்திதான். பார்லோ என்ற வகை.

பிறகு எங்கள் கத்தியைக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸ் எடுத்தார்.

"கேஸ். பென்சில்வேனியாவுல பிராட்ஃபோர்டுன்னு ஒரு ஊர். ஜிப்போ லைட்டர் செய்வாங்களே, அதே ஊர். இப்போ ரெண்டு கம்பெனியும் ஒரே கைலதான் இருக்கு."

மடக்குக் கத்திக்கு ஜாதகம் எழுதியிருப்பது அலகின் அடிப்பகுதியில், கைப்பிடியைத் தொடும் இடத்தில். திறந்து பார்த்தால் ஒருபக்கம் கம்பெனி முத்திரை, மறுபக்கம் எண். எங்கள் கத்தியில் 6254 என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் வீட்டில் யாரும் கவனித்ததில்லை, வெற்றிலைக் கறை அப்படி. கேஸ் கம்பெனிக் கணக்கில் முதல் எண் கைப்பிடி எதனால் ஆனது என்று சொல்லும். இரண்டாவது எண், எத்தனை அலகு. கடைசி இரண்டும் வடிவம். 54 என்றால் 'ட்ராப்பர்', கண்ணி வைத்து விலங்கு பிடிப்பவர்களுக்கான கத்தி.

"முதல் நம்பர் 5-ன்னு இருந்தாதான் மான்கொம்பு. உன்னோடது 6. மாட்டெலும்பு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, எலும்பை மான்கொம்பு மாதிரி தெரிவதற்காகக் கொத்திச் சாயம் ஏற்றுவார்கள் என்றார். லென்ஸில் பார்த்தால், எலும்பில் மயிர்க்கால்போலச் சின்னச் சின்ன துளைகள் தெரியும். கொத்திய தடங்களும் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும். நிஜக் கொம்பில் மரப்பட்டைபோல இயற்கையான வரிகள் இருக்கும், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. அமெரிக்கக் கத்திகளில் 'ஜெனுவின் ஸ்டாக்' என்று பெருமையாகப் போட்டிருப்பது பெரும்பாலும் நம் ஊர் கடமானின் கொம்பு. ஆமாம், முதுமலையிலும் அவலாஞ்சியிலும் பார்க்கிறோமே, அதே சாம்பார் மான் இனம்தான். அதன் கொம்பு நடுவில் கெட்டியாக இருப்பதால் கைப்பிடிக்குத் தோது. வருஷாவருஷம் உதிரும் கொம்புகளைப் பொறுக்கி, இந்தியாவிலிருந்து ஷெஃபீல்டுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்தார்கள். உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டையும் நடந்ததால், 1990-களின் இறுதியில் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகு அங்கே பழைய கொம்புக் கைப்பிடிக் கத்திகளுக்கு மவுசு இன்னும் ஏறிவிட்டது.

இதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்புகூட அரசாங்கச் சொத்து. டிரெக்கிங் போன இடத்தில் அழகாக இருக்கிறதே என்று பைக்குள் போட்டால் வழக்குதான். கொம்புக் கைப்பிடி வைத்த பொருளை அனுமதி இல்லாமல் விற்பதும் வாங்குவதும் வில்லங்கம். தாத்தா காலத்துப் பொருளாகவே இருந்தாலும், ஆன்லைனில் படம் போடும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. எங்கள் கத்தி மாட்டெலும்பாக இருந்ததில் சித்தப்பா தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சரி, புள்ளி எத்தனைன்னு எண்ணு" என்று லென்ஸை நீட்டினார்.

கேஸ் எக்ஸ்எக்ஸ். கீழே மேட் இன் யு.எஸ்.ஏ. அதற்கும் கீழே, எறும்பு வரிசைபோலப் புள்ளிகள். ஆறு. 1970-ல் அந்தக் கம்பெனி பத்துப் புள்ளிகள் வைத்து முத்திரை குத்த ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. 71-ல் ஒன்பது, 72-ல் எட்டு...

விரல்விட்டு எண்ணினேன். 1974.

தாத்தா கப்பல் ஏறியது 1971-ல்.

சாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு விலை விஷயத்துக்குப் போய்விட்டார். ட்ராப்பர் அபூர்வமான வடிவம் இல்லை, கருங்கல்லில் தீட்டித் தீட்டி அலகு பாதி தேய்ந்துவிட்டது, உங்க சித்தப்பா நினைக்கிற விலை வராது என்றார். மலைக் குளிரில் கத்தியைப் பராமரிக்கவும் சொல்லிக்கொடுத்தார். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து, பித்தளையில் பச்சை பூக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். அலகில் படிந்த நீலச் சாம்பல் நிறம் அழுக்கு இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இருக்கிற மதிப்பும் போய்விடும். இதெல்லாம் குறித்துக்கொண்டேன். ஆனால், மனசு முழுக்க அந்த ஆறு புள்ளிகள்.

கிளம்பும்போது, "இதை வெச்சிருந்தா போலீஸ் பிடிக்குமா சார்?" என்றும் கேட்டுவைத்தேன். ஆயுதச் சட்ட விதிகளில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு. இது அதில் பாதிகூட இல்லை. விமானத்தில் கைப்பையில் மட்டும் வைக்கக் கூடாது.

குன்னூரிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கூடலூர், அங்கிருந்து பந்தலூர். பஸ்ஸில் வழி நெடுக இதே யோசனை. அத்தையிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? அப்பா கொண்டுவந்த ஒரே பொருள் என்று ஐம்பது வருஷமாக நம்புகிறவரிடம், ஆறு புள்ளியைக் காட்டி, இல்லை என்று சொல்ல நான் யார்? இன்னொரு பக்கம், விசாரிக்கச் சொல்லி அனுப்பியதே அவர்கள்தானே.

அப்பாயி அடுப்படியில் தனியாக இருந்த நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னேன். அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவர் பையைத் தேடிக்கொண்டே, "இதைக் கண்டுபிடிக்கவா குன்னூர் வரைக்கும் போனே?" என்றார்.

சிலோனிலிருந்து வந்த கத்தி மண்டபம் முகாமிலேயே தொலைந்துபோனதாம். கறுப்புக் கைப்பிடி, ஒற்றை அலகு. "உங்க அத்தைக்காரி அழுது காய்ச்சல்ல படுத்துட்டா. அதுலதான் உங்க தாத்தா அவளுக்கு கொய்யாப்பழம் நறுக்கித் தருவாரு." நாலைந்து வருஷம் கழித்து, சீசன் நேரத்தில் ஊட்டிக்குப் போன தாத்தா, தலைமுடி வளர்த்த வெள்ளைக்காரப் பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறார். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தானாம். தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவன் கத்தியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளைகளிடம், "தொலைஞ்ச கத்தி கிடைச்சிருச்சு" என்றாராம்.

"ஸ்வெட்டர் நான் பின்னுனது. மூணு நாள் நான் அவரோட பேசலை."

அப்படியென்றால் அத்தை கப்பலில் பார்த்ததும் உண்மைதான். பார்த்தது வேறு கத்தி. இந்தக் கட்டுரையைப் போடலாமா என்று அத்தையிடமே கேட்டேன். முழுசாகப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கறுப்புக் கைப்பிடியா?" என்று அப்பாயியைக் கேட்டார். "ஆமாடி" என்றார் அப்பாயி. அவ்வளவுதான். சித்தப்பா கூரைக்குச் சங்கத்தில் கடன் கேட்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் அப்பாயி என்னிடம் விடாமல் கேட்டார். இந்தக் கத்தியில் எதற்கு இரண்டு அலகு? கூர்முனை வைத்தது தோலுரிக்க. சரி. அவர் இத்தனை வருஷமாகப் பாக்கு வெட்டும், முனை மழுங்கிய அந்த இன்னொன்று?

அதன் பெயர் 'ஸ்பே'. அந்த அலகு முதலில் உண்டானதே பண்ணைகளில் கன்றுக்குட்டிகளுக்குக் காயடிப்பதற்காகத்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அப்பாயி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முந்தானையில் அலகை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, பாக்கை எடுத்தார்.