ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது நம் முதியோர் வாக்கு. இரண்டு தோணியிற் கால் வைப்பவன் கரை சேரான் என்பதும் அவர்தம் வாக்கே. வாவிக்கரையிற் பிறந்து வளர்ந்த நமக்கு இரண்டாவது பழமொழியை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும் இவ்விரு வாக்குகளுள் எது எவ்விடத்திற் பொருந்தும் என்று தெரிந்து நடப்பதே அறிவுடைமை. கணினி வாங்கும் காரியத்திலும் இத்தெரிவு வந்து நிற்கின்றது என்பது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

படுவான்கரையைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் கேட்டார்: “சேர், என்னுடைய மேசைக் கணினியில் பழைய கிராபிக்ஸ் அட்டை ஒன்று இருக்கின்றது. அதே இனத்து அட்டை இன்னொன்று மலிவாக விலைக்கு வருகின்றது. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் வேகம் இரட்டிக்கும் என்று நண்பர்கள் சொல்கின்றார்கள். அதை வாங்குவதா? அல்லது இருப்பதை விற்றுவிட்டுப் புதியது ஒன்றை வாங்குவதா? வேளாண்மை வெட்டிய காசில் அப்பா ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கின்றார்.”

வேளாண்மை வெட்டிய காசு ஒரு வீட்டிலே பசளைக் கடனுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், அடுத்த போகத்தின் விதைப்புக்குமாக எத்தனை பங்காகப் பிரியும் என்பதை அறிந்தவர்கள், இதனை இளைஞரின் விளையாட்டு வினா என்று தள்ளிவிடார். ஆகவே இவ்வாரம் இதனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், கிராபிக்ஸ் அட்டை என்பது யாது? வரைகலை அட்டை என்று தமிழில் வழங்குவது இதுவே. திரையில் நாம் காணும் படம் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. வீடுகளிற் பரவலாக உள்ள மொனிட்டர்களில் அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் இருபது இலட்சத்துக்கு மேல் வரும். அசையும் படம் தடையின்றித் தோன்றுவதற்குச் செக்கனுக்கு 60 படங்கள் வேண்டும் என்றால், ஒரு செக்கனில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் நிழலும் கணக்கிடப்பட வேண்டும். கணினியின் புரொசெசர் தனித்து இவ்வேலையைச் சுமக்க மாட்டாது. அதற்கெனச் சிறு கணிப்பான்களை ஆயிரக்கணக்கில் ஒரு சில்லிலே அடக்கி, அதற்குத் தனி நினைவகமும் கொடுத்து அமைத்ததே இந்த அட்டை.

இரண்டு அட்டைகளை இணைக்கும் எண்ணம் புதியதன்று. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் திரீடி.எப்.எக்ஸ். என்னும் கம்பனி ‘வூடூ 2’ என்ற அட்டையை வெளியிட்டது. இவ்வட்டைகள் இரண்டினைச் சிறு நாடா ஒன்றினால் தொடுத்துவிட்டால், திரையின் ஒற்றை வரிகளை ஓர் அட்டையும் இரட்டை வரிகளை மற்றோர் அட்டையும் வரைந்து தரும். தனி அட்டையில் 800க்கு 600 புள்ளி என்ற அளவில் நின்ற படம், இரண்டும் சேர்ந்தபோது 1024க்கு 768 என்று விரிந்தது. அக்காலத்துக்கு அது பெரிய அதிசயம். ஆயினும் அக்கம்பனி நெடுநாள் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உடைமைகளைப் போட்டிக் கம்பனியாகிய என்விடியா வாங்க முன்வந்தது. எஸ்.எல்.ஐ. என்ற அப்பழைய பெயரையே 2004இல் என்விடியா புதிய முறை ஒன்றுக்குச் சூட்டியது. அடுத்த ஆண்டில் ஏ.ரி.ஐ. கம்பனி ‘குரொஸ்பயர்’ என்று தன் முறையை அறிமுகம் செய்தது. 2006இல் ஏ.ரி.ஐ.யை ஏ.எம்.டி. வாங்கிக்கொண்டது.

இப்புதிய முறைகளில் வரி வரியாக வேலையைப் பங்கிடுவது குறைந்து, படம் படமாகப் பங்கிடுவதே பெருவழக்காயிற்று. முதலாம், மூன்றாம், ஐந்தாம் படங்களை ஓர் அட்டை வரையும். இரண்டாம், நான்காம், ஆறாம் படங்களை மற்றது வரையும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் வேகம் இரட்டிக்கத்தான் வேண்டும். ஆனால் வண்டியில் இரண்டு மாடுகளைப் பூட்டி ஓட்டியவர்களுக்கு இதிலுள்ள இடர் உடனே விளங்கும். இரண்டும் ஒரே நுகத்தின் கீழ் நிற்பவை. ஒன்று விரைந்து மற்றது தளர்ந்தால், தளர்ந்ததன் நடைக்கே வண்டி போகும். நடை ஒவ்வாவிட்டாலோ வண்டி குலுங்கும்.

கணினியிலும் அக்குலுக்கம் நேர்ந்தது. ஒரு படம் 5 மில்லிசெக்கனிலும் அடுத்தது 28 மில்லிசெக்கனிலுமாக மாறி மாறி வந்தால், சராசரியிற் செக்கனுக்கு 60 படம் என்றே கணக்குக் காட்டும். கண்ணோ படம் தட்டித் தடுமாறுவதைக் கண்டுகொள்ளும். நன்கு பொருந்திய விளையாட்டுகளில் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேலும் உயர்ந்தது உண்மை. பொருந்தாதவற்றில் இரண்டாம் அட்டை வாளாவிருந்தது. சிலவற்றில் முன்னிருந்த வேகமும் குறைந்தது.

நினைவகத்தைப் பற்றிய மயக்கம் ஒன்றையும் ஈண்டுத் தெளிவாக்க வேண்டும். 4 கிகாபைட் அட்டைகள் இரண்டினைப் பூட்டினால் 8 கிகாபைட் ஆகுமன்றோ என்று பலர் எண்ணுகின்றனர். விளையாட்டுகளில் அவ்வாறு ஆவதில்லை. இரண்டு அட்டைகளும் ஒரே காட்சியை வரைவதால், அக்காட்சிக்குரிய பொருள்கள் அனைத்தும் இரண்டு நினைவகங்களிலும் படியெடுத்து வைக்கப்படுகின்றன. 2012இல் வெளிவந்த ஜீ.ரி.எக்ஸ். 690 என்னும் அட்டை ஒரே பலகையில் இரண்டு சில்லுகளைக் கொண்டது. அதன் நினைவகம் 4 கிகாபைட் என்று விளம்பரம் கூறியது. ஒவ்வொரு சில்லுக்கும் கிடைத்ததோ 2 கிகாபைட்டே.

காலப்போக்கில் விளையாட்டுகளின் அமைப்பும் மாறியது. முந்திய படத்தின் கணக்கைக் கொண்டே அடுத்த படத்தை மெருகிடும் உத்திகள் பெருகின. முந்திய படம் ஓர் அட்டையிலும் அடுத்த படம் வேறோர் அட்டையிலும் இருந்தால், ஒன்று மற்றதற்காகக் காத்து நிற்க நேரிடும். 2015இல் வந்த டைரக்ட் எக்ஸ் 12 என்னும் மென்பொருட்டளம், இரண்டு அட்டைகளை ஒத்து நடத்தும் பொறுப்பை விளையாட்டை ஆக்குவோரின் தலையிலேயே வைத்தது. இரட்டை அட்டை உடையோர் மிகச் சிலரே. அச்சிலருக்காக உழைக்க முன்வந்த நிறுவனங்களும் மிகச் சிலவே. 2019இல் வந்த ஆர்.எக்ஸ். 5700 அட்டைகளில் ஏ.எம்.டி. குரொஸ்பயரைக் கைவிட்டது. ஆர்.ரி.எக்ஸ். 30 வரிசையில் 2020இல் வந்த வீட்டுப் பாவனைக்கான அட்டைகளுள் 3090 ஒன்றுக்கு மட்டுமே என்விடியா இணைப்புவாயைக் கொடுத்தது. 2021 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எஸ்.எல்.ஐ.க்கெனப் புதிய விளையாட்டுகளுக்கு அமைப்பு எழுதுவதையும் அது நிறுத்தியது. 2022இல் வந்த 40 வரிசையில் அந்த வாயே இல்லாது போயிற்று. ஆகவே, விளையாட்டுக்காக இரண்டாவது அட்டை வாங்குபவர், அதற்கு வேலை கொடுக்கும் முதலாளி ஏற்கெனவே கடையைப் பூட்டிவிட்டார் என்பதை அறிதல் வேண்டும்.

இனி வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2016இல் வந்த ஜீ.ரி.எக்ஸ். 1080 அட்டை ஒன்று முழு வேகத்தில் 180 வாற்று மின்சாரம் கொள்ளும். சோடி 360 வாற்று. 2023இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 4060 என்னும் ஒற்றை அட்டை கொள்வது 115 வாற்றே. தனி 1080ஐ விட அது வேகமும் உடையது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 245 வாற்று. நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் முழு வேகத்தில் ஓடினால், நாளுக்கு ஏறக்குறைய ஓர் அலகு, மாதத்துக்கு ஏறக்குறைய முப்பது அலகு மிகையாகும். அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் நம் நாட்டு மின்பட்டியலில், இந்த முப்பது அலகு வீட்டை மேல்நிலை விலைக்குத் தள்ளிவிடக் கூடும். மலிவாகக் கிடைத்த அட்டையின் எஞ்சிய விலையைத் தந்தையார் மாதந்தோறும் மின்பட்டியலிற் கட்டிக்கொண்டிருப்பார்.

வெப்பத்தையும் மறத்தலாகாது. 360 வாற்று மின்சாரமும் இறுதியில் வெப்பமாகவே வெளிவரும். ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும் அட்டைகளில், கீழ் அட்டை கக்கும் வெப்பக் காற்றையே மேல் அட்டை உறிஞ்சிக்கொள்ளும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ் இருக்கும் கணினிக்கு இது கொடிய தண்டனை. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து உலோக முனைகளை அரிக்கும். பூட்டும் முனைகள் எத்துணை குறைவோ, தொல்லையும் அத்துணை குறைவு.

மலிவு அட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்றும் கேட்க வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஈதீரியம் என்னும் மறைநாணயத்தை அகழ்வோர் உலகெங்கும் அட்டைகளை வாங்கிக் குவித்தனர். 2022 செப்டெம்பரில் அந்நாணயத்தின் முறை மாறியது. அட்டைகளுக்கு வேலை இல்லாது போயிற்று. இரவு பகலாய் உழைத்த அட்டைகள் பல பழைய பொருட் சந்தைக்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டில் நம் ரூபா வீழ்ந்ததை எவரும் மறந்திரார். ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவரை ஏறியது. புதியதன் விலை எட்டாது போனபோது பழையதன்மேல் ஆசை பிறப்பது இயல்பே. பழையது வாங்குவது குற்றமன்று. ஓட்டிப் பார்த்து, விசிறிகளைச் சோதித்து, மீளப் பெறும் உறுதியோடு வாங்குதல் வேண்டும்.

அப்படியாயின் இரண்டு அட்டைகளால் ஒருபோதும் பயனில்லையா? உண்டு; அதனை மறைப்பது நேர்மையன்று. வெட்டுக் காலத்தில் இரண்டு இயந்திரங்களை இரண்டு வயல்களில் இறக்கினால், ஒன்று மற்றதற்காகக் காத்திருப்பதில்லை. தத்தம் வேகத்தில் வெட்டி முடிக்கும். ஒன்று பழையது, ஒன்று புதியது ஆயினும் குற்றமில்லை. கணினியிலும் இத்தகைய வேலைகள் உள. பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் அசைவூட்டப் படம் ஆக்குவோர், ஒவ்வொரு படத்தையும் நிமிடக்கணக்கிற் காத்திருந்து பெறுகின்றனர். அவ்வேலை துண்டு துண்டாகப் பிரியக் கூடியது. இணைப்பு நாடா இன்றியே இரண்டு அட்டைகளும் முழுமூச்சாய் உழைக்கும். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் கட்புலக் கலை பயிலும் ஒருவருக்கு இரண்டாம் அட்டை மெய்யான துணையாகலாம். எனினும் காட்சி முழுவதும் ஒவ்வோர் அட்டையின் நினைவகத்திலும் அடங்க வேண்டும் என்ற விதி இங்கும் பெரும்பாலும் பொருந்தும்.

செயற்கை நுண்ணறிவு பயில்வோருக்கு நிலைமை இன்னும் வேறு. பெரிய மொழி மாதிரி ஒன்று ஓர் அட்டையில் அடங்காதபோது, அதன் அடுக்குகளிற் பாதியை ஓர் அட்டையிலும் மறுபாதியை மற்றதிலும் வைத்து இயக்கலாம். 24 கிகாபைட் கொண்ட 3090 அட்டைகள் இரண்டு இருந்தால், ஒன்றிலே கொள்ளாத மாதிரியும் அவற்றிற் கொள்ளும். விளையாட்டிற் கூடாத நினைவகம் இங்கே கூடுகின்றது. ஆனால் அவ்வட்டை ஒன்றே 350 வாற்றுக் கொள்வது என்பதையும் நினைவிற் கொள்க.

ஆகவே கேட்க வேண்டிய முதற் கேள்வி, வேலை எத்தகையது என்பதே. ஒத்து நடந்தாக வேண்டிய வேலைக்கு வலிய ஒன்று. பிரிந்து நடக்கக் கூடிய வேலைக்கு இரண்டும் ஆகலாம்.

கடைக்குப் போகுமுன் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க வேண்டியவை சில உள. பவர் சப்ளை எத்தனை வாற்று என்று பாருங்கள். தாய்ப்பலகையின் பொருத்துவாய் தருவது 75 வாற்று மட்டுமே. எஞ்சியது தனி வயரால் வர வேண்டும். அவ்வயர் உங்கள் பவர் சப்ளையில் இருக்கின்றதா? அட்டையின் நீளம் பெட்டியில் அடங்குமா? பழைய புரொசெசர் புதிய அட்டைக்கு ஈடுகொடுக்குமா? தாய்ப்பலகையில் இரண்டாவது நீண்ட பொருத்துவாய் இருந்தாலும் அது முதலாவதற்கு நிகரானது என்று நம்பிவிட வேண்டாம்; மலிவான பலகைகளில் 16 பாதைகள் முதலாவதற்கும் 4 பாதைகள் மட்டும் இரண்டாவதற்கும் அமைவதுண்டு. பழைய வன்தட்டோடு ஊர்ந்துகொண்டிருக்கும் கணினிக்கு ஓர் எஸ்.எஸ்.டி.யும் போதிய நினைவகமும் செய்யும் நன்மையை எந்தக் கிராபிக்ஸ் அட்டையும் செய்யாது. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்காகப் பைதன் மொழி பயிலும் மாணவருக்குத் தனி அட்டையே தேவையில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

வினவிய மாணவருக்கு எமது விடை இது: இரண்டாவது பழைய அட்டை வேண்டாம். உள்ளதை நல்ல விலைக்கு விற்று, உங்கள் மொனிட்டருக்கும் பவர் சப்ளைக்கும் ஏற்ற நடுத்தர அட்டை ஒன்றை உத்தரவாதத்தோடு வாங்குங்கள். தந்தையார் தருவதாகச் சொன்ன தொகை முழுவதையும் செலவிட்டே ஆக வேண்டும் என்று விதியில்லை. எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுத்தால், விதைப்புக் காலத்தில் அது உதவும்; அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது உங்கள் சொல்லுக்கும் வீட்டில் மதிப்பிருக்கும்.

பவர் சப்ளையைத் தெரிந்து வாங்கும் முறையினை அடுத்த வாரம் விரிவாகக் காண்போம்.