பதினொரு வயதில் ஒரு தீர்ப்பா?

அறிவிற் சிறந்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துத் தனிப்பள்ளியில் வைத்து வளர்த்தால் நாடு செழிக்கும் என்று பேசுகின்றனர் சிலர். செவிக்கு இனிய பேச்சு! சிந்தனைக்கு?

இந்தச் சோதனையை நாம் புதிதாய்ச் செய்து பார்க்க வேண்டியதில்லை, தோழர்களே! இங்கிலாந்து செய்து பார்த்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின், பத்து, பதினொரு வயதுப் பாலகரைத் தேர்வுக் களத்தில் நிறுத்தினர். ‘லெவன் பிளஸ்’ என்பது அத்தேர்வின் பெயர். வென்றோர் கிராமர் பள்ளிக்கு. அங்கிருந்து பல்கலைக் கழகத்துக்கு வழி. ஏனையோரில் பெரும்பாலோர் செகண்டரி மாடர்ன் பள்ளிக்கு. அங்கிருந்து பட்டறைக்கும் ஆலைக்கும் வழி. மீசை அரும்பும் முன்னே வாழ்க்கைக்குத் தீர்ப்பு!

அறிவையா அளந்தது அந்தத் தராசு? கிராமர் பள்ளி இடங்கள் ஒரு வட்டாரத்தில் மிகுதி. மறு வட்டாரத்தில் குறைவு. ஓர் ஊரில் அறிவாளி எனப்பட்ட சிறுவன், அடுத்த வட்டாரத்தில் பிறந்திருந்தால் தேறாதவன்! பெண்களுக்கு இடம் குறைவாயிருந்த வட்டாரங்களில், ஆண்பிள்ளையைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்ற பெண்பிள்ளைக்கும் கதவு அடைக்கப்பட்டது. மூளையின் அளவா அது? நாற்காலியின் எண்ணிக்கை!

1965ஆம் ஆண்டு, தொழிற்கட்சி அரசு, எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே பயிலும் பள்ளிகளுக்கு மாறுமாறு வட்டாரக் கல்வி ஆட்சியினரைக் கேட்டுக்கொண்டது. இன்று அங்கு எஞ்சி நிற்கும் கிராமர் பள்ளிகள் 163. அவற்றில், இலவச உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளின் விகிதம் மற்ற அரசுப் பள்ளிகளைவிட மிகக் குறைவு. தேர்வுக்குத் தனிப்பயிற்சி, பயிற்சிக்குப் பணம், பணமுள்ள வீட்டுக்கே பள்ளி!

இங்கோ, 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வழிவந்த நவோதயா பள்ளிகளைத் தமிழகம் ஏற்கவில்லை. மொழிக்கொள்கை அதற்குக் காரணம். “சிற்றூர்ப் பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் தருகிறதே, தடுக்கலாமா?” என்று கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் பொதுவாக மாவட்டத்துக்கு ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பில் 80 இடங்கள். எண்பதின்மருக்கு நல்ல விடுதியும் ஆய்வுக்கூடமும் வேண்டுமெனில், எண்பத்தோராவது பிள்ளை செய்த பிழை என்ன?

இவ்வினா மாற்றாருக்கு மட்டுமன்று, நமக்கும் உரியது. 2021க்குப் பின் தமிழகத்தில் அரசு மாதிரிப் பள்ளிகள் எழுந்தன. அங்குப் பயின்ற ஏழைப் பிள்ளைகள் உயர்கல்வி நிலையங்களில் நுழையும்போது பூரிக்கிறோம். எனினும், மாதிரி என்றால் என்ன பொருள்? மற்றவையும் அதுபோல் ஆகவேண்டும் என்பதே பொருள்! ஊரெங்கும் உள்ள அகல்களை எடுத்து ஓரிடத்தில் அடுக்கினால், அது விழா, விடியல் அன்று.

1953இல் அரைநாள் பள்ளி, அரைநாள் குலத்தொழில் என்றனர். பிறப்பைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்த அத்திட்டத்தை எதிர்த்து இயக்கம் களம் கண்டது. 1954இல் அது கைவிடப்பட்டது. பிறப்பின் பெயரால் எழுந்த சுவரை இடித்தவர்கள், தேர்வின் பெயரால் எழும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாமா?

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஆசிரியர் உண்டா, ஆய்வுக்கூடம் உண்டா, நூலகம் திறக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில், ஆளுவோர் எவராயினும் விடாது கேளுங்கள். சிறந்த பிள்ளைக்கு ஒரு பள்ளி தேடுவதன்று நம் பணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறந்த பள்ளி தருவதே!