பட்டம் கைக்கு வருமுன் சட்டக் கல்லூரி

தந்தை ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய மூத்த மகள் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு பயில்கிறாள். சட்டம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாளைய விருப்பம். “முதலில் பட்டம் வாங்கட்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறாராம் தாய்மாமன். மகளோ இவ்வாண்டே விண்ணப்பம் போட வேண்டும் என்று நிற்கிறாள். இரண்டாம் ஆண்டுத் தாள் ஒன்று அரியராக நிற்பதையும் தந்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். நல்லதாயிற்று, நம் விடையே பெரும்பாலும் அந்த ஒரு தாளைப் பற்றியதுதான்.

மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர ஒரு பட்டம் வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டுக் கல்வி விதி. ஆயினும் விண்ணப்பம் வேறு, சேர்க்கை வேறு. டெல்லிப் பல்கலைக்கழகமும் பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியும் மூன்றாண்டுப் படிப்புக்கு இறுதியாண்டு மாணவரையும் விண்ணப்பிக்க விடுகின்றன. பிற கல்லூரிகளைப் பொறுத்தவரை அவ்வாண்டு விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படித்தல் வேண்டும். எங்கு விண்ணப்பித்தாலும், குறித்த நாளுக்குள் எல்லாத் தாள்களிலும் தேறிய சான்று காட்டாவிடில் கிடைத்த இடம் நிலைக்காது. கட்டிய பணம் முழுதும் திரும்பி வரும் என்றும் எண்ணிவிடலாகாது.

இதனால் மாமன் சொல்வதே சரி என்று ஆகிவிடுமா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. விண்ணப்பக் கட்டணம் போனால் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயோடு போகும். ஓராண்டு வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றி நம் இல்லங்களில் என்ன பேச்சுத் தொடங்கும் என்பதை நாம் அறிவோம். அப்பேச்சு தொடங்கியபின் சட்டப் புத்தகம் திறக்கப்படுவது அரிது.

வேறொருவர் இன்னும் விபரீதமான யோசனை கூறினாராம்: பி.ஏ.வை விட்டுவிட்டு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்துவிடலாம் என்று. அது பிளஸ் டூ முடித்த கையோடு சேர்வோருக்கு நல்ல வழி. இவளுக்கோ கழிந்த இரண்டாண்டும் வீணாகி, மொத்தம் ஏழாண்டு ஆகும். பட்டத்தை முடித்துச் சென்றால் ஆறே ஆண்டு. இரண்டையும் ஒருசேரப் படிக்கலாம் என்பாரும் உளர். ஒரே காலத்தில் இரு முழுநேரப் படிப்புகளில் பதிவு செய்வதை அதே விதிகள் தடுக்கின்றன.

மதிப்பெண்ணையும் மறத்தலாகாது. பட்டத் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும், பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 40 விழுக்காடும் குறைந்த எல்லை. அரசினர் கல்லூரியில் இடம் பெற அந்த எல்லை போதும் என்று இருந்துவிட முடியாது, போட்டி கடுமை.

ஆகவே தந்தையார் இவ்வாண்டே விண்ணப்பம் போடட்டும். அதற்குமுன் மகளை அழைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகம் சென்று, அரியர் தாளை வரும் தேர்விலேயே எழுதப் பணம் கட்டியாயிற்றா என்று கேட்டறியட்டும். கடைசி நாள் கடந்தபின் அழுத பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். தாய்மாமனுக்கும் ஒரு வேலை உண்டு: அந்தத் தாளைச் சொல்லிக்கொடுக்க நல்ல ஆசிரியர் ஒருவரைத் தேடித் தருவாராக. முடிவு வெளிவந்ததும் நமக்கு ஒரு வரி எழுதும்படி அச்சகோதரரைக் கேட்டுக்கொள்கிறோம்.