சம்மதம் கேட்கும் உலாவி

ஆண்டாள் மேகங்களைத் திருவேங்கடத்துக்குத் தூது விடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, அதற்கு அடுத்துள்ள ராஜபாளையத்திலோ கணினி பயிலும் மாணவர் ஒருவர், தம் ஊரைப் பற்றி இணையப் பக்கமொன்று அமைத்து, 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து அவ்வூர்க் கட்டுரையின் முகவுரையை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு வரவழைத்து அதிலே காட்ட விரும்புகிறார் என்று கொள்வோம்.

முன்னெல்லாம் சிறு விவரமொன்று மாறவேண்டுமானாலும் பக்கம் முழுவதையும் மறுபடி இறக்கவேண்டியிருந்தது. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் புகுத்திய வசதி, பக்கம் இருந்தபடியே இருக்க, வேண்டிய துணுக்கை மட்டும் பின்னணியில் கேட்டுப் பெற வழி செய்தது. 2005-இல் இம்முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வழங்கலாயிற்று. இன்று ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் என்னும் கட்டளை அக்காரியத்தைச் செய்கிறது.

ஆயினும் மாணவரின் முதல் முயற்சி பெரும்பாலும் தோல்வியே. கார்ஸ் (CORS), அதாவது ஒரு தளத்தின் விடையை வேறொரு தளத்து நிரல் படிப்பதற்கான அனுமதி முறை, அதைச் சார்ந்த பிழை என்று உலாவியின் கன்சோலில் சிவப்பெழுத்துத் தோன்றும். இதனை வீண் இடையூறென்று நொந்துகொள்வோருடன் நான் உடன்படுவதற்கில்லை. உலாவியின் ஒரு தாவலில் தம் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர், மறு தாவலில் முன்பின் அறியாத தளமொன்றுக்குச் சென்றால், அத்தளத்து நிரல் அவருடைய அடையாளத்தைக் கொண்டே வங்கியிடம் கேட்டு விடையைப் படித்துவிடலாகாது அல்லவா? ஆகவே, விடையளிக்கும் சேவையகமே, இன்ன தளம் இதைப் படிக்கலாம் என்று தன் மறுமொழியின் தலைப்பில் சம்மதம் எழுதி அனுப்பினாலன்றி, உலாவி அவ்விடையை நிரலின் கையில் ஒப்புவிப்பதில்லை. கோரிக்கை போய்ச் சேர்ந்தும் இருக்கலாம்; வந்த விடையைப் படிக்கும் உரிமைதான் மறுக்கப்படுகிறது.

நிரல்கள் தகவல் கேட்டுப் பெறுவதற்கென்று விக்கிப்பீடியா வைத்துள்ள ஏபிஐ என்னும் இடைமுகம் இவ்விஷயத்தில் தாராளமானது. கோரிக்கையின் முகவரியில் ஆரிஜின் (origin) என்பதற்கு நேரே நட்சத்திரக் குறி ஒன்றை இட்டால் எத்தளத்துக்கும் விடை தருகிறது. ஆனால் கேட்பவர் விக்கியில் உள்நுழைந்திருந்தாலும், அவரை முகமறியா வாசகராகவே பாவித்துத் தருகிறது. பொதுச் சொத்துக்கு வாயிலைத் திறந்துவிட்டு, தனிமனிதரின் அந்தரங்கத்துக்குக் காவலும் வைத்த இந்த ஏற்பாட்டை எவ்வளவு போற்றினாலும் தகும்; பொதுமக்களுக்கான நம் அரசுச் சேவைகள் யாவும் இவ்வழியைப் பின்பற்றவேண்டும் என்பது என் உள்ளார்ந்த விருப்பம்.

கேட்பவர் யாரென்று அறிய ரகசியச் சாவி கேட்கும் சேவைகளின் விஷயம் வேறு. அச்சாவியைப் பக்கத்தின் நிரலில் எழுதினால், பக்கத்தைத் திறக்கும் எவரும் அதைப் படித்து எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய சாவியைத் தம் சேவையகத்தில் வைத்து, அங்குள்ள சிறு நிரலொன்றே வெளியே கேட்டு வாங்கி, பக்கத்துக்கு விடையை மட்டும் கொடுக்கும்படி மாணவர் அமைத்துக்கொள்வாராக.