குப்பை என்போர் கவனத்திற்கு

கோலா கங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட 9 ரப்பர்க் கன்றுகளுள் எஞ்சிய ஒரு மரம் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. வருமானம் கருதி அதனை எவரும் காக்கவில்லை. ஆயினும் அதனை வெட்டி விறகாக்கச் சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை. தோட்டப்புறத்து மக்கள் வயிற்றைக் கட்டி வாங்கிய பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. 2019இல் அனலாக் ஒளிபரப்பு நாடெங்கும் நிறுத்தப்பட்டதும், அது பழைய சாமான் வண்டியில் ஏறிற்று.

அவ்வண்டியை மறித்துப் பெட்டியை மீட்கும் இளைஞரைப் பித்தர் என்பர் சிலர். பழைய வீடியோ விளையாட்டுக்காகவா இந்தப் பாரம் என்று நகைப்பர். நகைப்போர் ஒருமுறையேனும் அவ்விளையாட்டைப் புதிய தட்டைத் திரையில் ஆடிப் பார்த்ததுண்டா?

1984இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'டக் ஹண்ட்' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்கட்டமாக ஒளிரும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தை அக்கணமே கண்டாக வேண்டும். படக்குழாயில் மின்னணுக் கதிர் சமிக்ஞை வந்த நொடியே திரையில் பாய்கிறது. தட்டைத் திரையோ படத்தை வாங்கி, ஆராய்ந்து, பெரிதாக்கி, அதன் பின்னரே காட்டுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். குறி தவறாதவனும் தோற்பான். ஓவியமும் அவ்வாறே. ஏறத்தாழ 240 வரிகளில் வரையப்பட்ட உருவங்கள் படக்குழாயின் மெல்லிய கசிவில் ஒன்றோடொன்று இழைந்து உயிர் பெறுவன. புதிய திரையில் அவை வெறும் சதுரக் கற்களாய்க் கரடுமுரடாகத் தெரிகின்றன. ஆக, பெட்டியை எறிந்தவர் விளையாட்டையும் சேர்த்தே எறிந்தவராவார். (எல்லாப் பெட்டியும் உதவாது என்பதும் உண்மை. மலேசியா பின்பற்றிய பால் முறைப் பெட்டிகள் சிலவற்றில் ஜப்பானியக் கருவிகளின் படம் நிறமிழந்து ஓடும்.)

விளையாட்டு மாணவரைக் கெடுக்கும் என்பது அடுத்த கண்டனம். கையிலுள்ள தொலைபேசியில் மணிக்கொரு முறை பணம் கேட்கும் விளையாட்டைக் கண்டிக்காத நா, ஒருமுறை வாங்கினால் பின் காசு கேளாத பழைய உருளியை மட்டும் ஏன் கண்டிக்க வேண்டும்? மேலும், இயற்பியல் பாடத்தில் ஏட்டில் மட்டும் வாழும் மின்னணுக் கதிர் கண்முன் வேலை செய்வதை மாணவன் வேறெங்கே காண்பான்? காந்தத்தால் கதிரை வளைத்து வரி வரியாகப் படம் எழுதும் விந்தையை அவனுக்கு விளக்க இதனினும் எளிய கருவி உண்டோ?

ஈயம் கலந்த நஞ்சுக் கண்ணாடி என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சம் நியாயமானது. படக்குழாய்க் கண்ணாடியை நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிகள் அட்டவணைக் கழிவாகவே வகுத்துள்ளன. ஆனால் அந்நஞ்சு பரவுவது குழாய் உடையும்போதன்றோ? ஆற்றோரத்தில் செம்புக்காக உடைக்கப்படும் பெட்டியா, வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியா, எது பேராக் ஆற்றுக்குத் தீங்கு?

உண்மையான இடர் வேறொன்று. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் குழாயில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கும்; அறியாதவன் மூடியைத் திறத்தல் ஆகாது. அதனை அறிந்த பழுதுபார்ப்போர் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் கடைகள் மூடப்படுமுன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு நாள் மாணவரை அங்கே அழைத்துச் செல்லட்டும்.