வாவிக்கரையில் குட்டிகளை வீசாதீர்கள்



"மனிசனுக்கே மருந்தில்ல, காட்டுப் பூனைக்கு வைரஸ் பரிசோதனையா?" என்று சிரிப்பவர்களிடம் ஒரு கேள்வி: அந்த வைரஸைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்?

1994இல் செரெங்கெட்டியில் ஏறத்தாழ 1,000 சிங்கங்கள் மடிந்தன. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 23. இரண்டிலும் பிடிபட்டது நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் வைரஸ்.

நாம் என்ன செய்கிறோம்? வேண்டாத குட்டிகளை உரப்பையில் கொண்டுபோய்க் கண்டலுக்குள் விடுகிறோம். கோழிக்கழிவையும் அங்கேயே கொட்டி நாய்க்கூட்டம் வளர்க்கிறோம். மீன்பிடிப் பூனைக்கு அந்தக் கண்டல்தான் வீடு. விசர்நாய்த் தடுப்பூசி டிஸ்டெம்பரைத் தடுக்காது. அது வேறு வைரஸ்.

பூனையைப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸுக்குத் தலையாட்டினால் மட்டும் போதுமா?

செத்த மீன்பிடிப் பூனையைக் கண்டால் தொடாதீர்கள். படம் போட்டு லைக் வாங்குவதற்கு முதல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பரிசோதித்தால்தானே நோய் வந்திருக்கிறதா என்று தெரியும்?